க்ரூஸ் கண்ட்ரோலை நான் குணமாக்கிய கதை

ரோட்டோரத்தில் எவராவது கார் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றால், என்னால் அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியாது. ஸ்கூட்டரை ஓரங்கட்டி இறங்கி, இடுப்பில் கையை ஊன்றி, உள்ளே எட்டிப் பார்த்து, "ம்ம்..." என்று ஒரு சத்தம் கொடுத்தால்தான் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். உள்ளே இருப்பதில் பாதிக்கு எனக்குப் பெயர் தெரியாது. மீதிக்குப் பெயர் தெரியும், வேலை தெரியாது. (பேட்டரி மட்டும் நன்றாகத் தெரியும். இராமநாதபுரத்தில் இன்வெர்ட்டர், பேட்டரி விற்கும் கடை வைத்திருக்கிறேன். அந்தப் பெருமையும் சந்தி சிரிக்கப் போகிறது, பொறுங்கள்.) ஆனாலும் என் முகத்தில் ஏதோ ஒரு களை இருக்கிறது போல. "என்னன்னு பாருங்கண்ணே" என்று என்னைத்தான் கேட்பார்கள். கேட்டால் சொல்லிவிடுவேன். தெரியாது என்று சொல்லும் பழக்கம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது.

இந்தக் குணத்துக்கு எனக்கு வைத்தியம் பார்த்தது என் லாத்தா ஜரினா. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

லாத்தா மண்டபம் பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். வீடு இராமநாதபுரத்தில், எங்கள் தெருவிலேயே. அவள் வார்டுக்குள் நுழைந்தால், அழுதுகொண்டிருக்கும் பிள்ளைகூட ஒரு நிமிடம் நிறுத்தி யோசிக்கும். பாம்பன், தங்கச்சிமடம் மீனவப் பெண்கள் வலி எடுத்து ஆட்டோவில் வந்து இறங்கும்போது டாக்டர் இருக்கிறாரா என்று கேட்பதில்லை. "ஜரினாக்கா இன்னைக்கி டூட்டியா?" என்றுதான் கேட்பார்கள். இருக்கிறாள் என்று தெரிந்தால் பாதி வலி அங்கேயே குறைந்துவிடும். இதை நான் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை. என் மூன்றாவது பிள்ளை பிறக்கும்போது வாசலில் நின்று பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவள் ஒரு மழை நாளில் ஸ்கூட்டியோடு சறுக்கி விழுந்தாள். வலது முட்டியில் ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் நடந்தது. நடக்கலாம், படி ஏறலாம். ஆனால் பஸ்ஸில் நின்றுகொண்டு போனால் முட்டி வீங்கும். கார் ஓட்டினாலோ, ஆக்ஸிலேட்டரில் காலை ஒரே வாக்கில் அழுத்தி வைத்திருக்க முடியாது. பாதி வழியில் உச்சிப்புளி வருவதற்குள் முட்டி இட்லி மாதிரி உப்பிவிடும்.

லாத்தா அழவும் இல்லை, லீவு எழுதவும் இல்லை. விசாரித்து விசாரித்து, க்ரூஸ் கண்ட்ரோல் இருக்கிற ஒரு கார் வாங்கினாள். அது ஒன்றும் மாயமில்லை. நேரான ரோட்டில் ஒரு வேகத்துக்கு வந்ததும் ஸ்டியரிங்கில் இருக்கும் பட்டனை அமுக்கிவிட்டால், வண்டி அதே வேகத்தில் தானாகப் போகும். வலது காலை எடுத்துவிட்டு ஹாயாக உட்காரலாம். பிரேக்கைத் தொட்டால் க்ரூஸ் பிடியை விட்டுவிடும். இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகிற ரோடு ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராகக் கிடப்பதால், லாத்தாவின் முட்டிக்கு அந்தப் பட்டன்தான் மருந்து. வாங்கின நாளிலிருந்து முட்டி வீங்கவில்லை. டிரைவிங் ஸ்கூலில் முறையாகப் படித்து லைசென்ஸ் எடுத்தவள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். (எனக்கு வண்டி சொல்லிக் கொடுத்தது இராமநாதபுரம் கடைத்தெரு. வித்தியாசம் பின்னால் புரியும்.)

இதில் ஒருவருக்கு மட்டும் சம்மதமில்லை. லாத்தாவின் வீட்டுக்காரர் நஜீம் மச்சான். துபாயில் டிரெய்லர் ஓட்டுகிறார். நல்ல மனிதர், பொண்டாட்டி மேல் உயிர். ஆனால் ரோட்டில் பார்க்கக்கூடாததையெல்லாம் பார்த்துப் பார்த்து, அடுத்தவர் ஓட்டுகிற வண்டி என்றாலே அவருக்கு நம்பிக்கை கிடையாது. மற்றவர் ஓட்டும்போது கண்ணை மூட மாட்டார். பஸ்ஸில்கூட டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். அவர் போனில் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

"ஜரினா, இந்த லீவுக்கு வாரேன். ஏர்போர்ட்டுக்கு நீயே வண்டி எடுத்துட்டு வா. மதுரையில இருந்து வீடு வரைக்கும் நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன். எனக்கு மனசு ஒப்புச்சுன்னா ஓட்டிக்க. ஒப்பலைன்னா சாவியக் குடுத்துரு. வேலையையும் எழுதிக் குடுத்துட்டு வீட்டுல இரு. நீ முழுசா இருந்தாப் போதும் எனக்கு."

"வந்து பாருங்க," என்றாள் லாத்தா. ஆனால் அன்று ராத்திரி எங்கள் வீட்டுக்கு வந்து, என் மூன்றாவது பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். அந்த வார்டு இல்லாத லாத்தாவை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவளாலும் முடியவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் க்ரூஸ் மக்கர் செய்ய ஆரம்பித்தது.

ஒரு காலையில் என் ஸ்கூட்டர் சர்வீஸுக்குப் போயிருந்தது. மண்டபத்தில் ஒரு கடைக்கு பேட்டரி பார்க்க வேண்டியிருந்ததால் லாத்தாவின் காரில் ஏறிக்கொண்டேன். ஊரைத் தாண்டியதும் லாத்தா பட்டனை அமுக்கினாள். வண்டி தானாகப் போனது. ரோட்டின் இரண்டு பக்கமும் கருவேலங்காடு, காட்டுக்குள் ஆடுகள்.

"லாத்தா, ஆடு."

"எனக்கும் கண்ணு இருக்கு."

"கிளட்ச்ல கால வச்சுக்க. எப்பக் குறுக்க விழும்னு சொல்ல முடியாது."

"ஏலே, பேசாம வா."

"சொல்றதக் கேளு லாத்தா. கால் கிளட்ச்லயே இருக்கணும். நானெல்லாம் எடுக்கவே மாட்டேன்."

கொஞ்ச தூரம் போனதும் வண்டி பொத்தென்று வேகம் குறைந்தது. க்ரூஸ் விட்டுப்போயிருந்தது. லாத்தா மறுபடி அமுக்கினாள். மறுபடி விட்டது. "இத்தன நாளா இப்பிடிப் பண்ணதே இல்லையே," என்று அவள் முகம் வாடிப்போனது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது முட்டியைத் தடவிக்கொண்டே இறங்கினாள்.

எனக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. பார்க்க ஒரு பானெட் கிடைத்துவிட்டது.

"உப்பு," என்றேன்.

எங்கள் கடற்கரையில் எது கெட்டாலும் நாங்கள் முதலில் உப்பைத்தான் பிடிப்போம். கேட் துருப்பிடித்தால் உப்பு, ஃபேன் சத்தம் போட்டால் உப்பு, செல்போன் சார்ஜ் ஏறவில்லை என்றாலும் உப்புக் காத்து. எதிர்த்துப் பேச ஆளே இருக்காது, கேட்பவரும் தலையாட்டிவிடுவார். அதனால் நானும் வண்டிக்கு அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவினேன். துருவுக்கு அடிக்கிற எண்ணெயைக் கண்ட இடத்தில் எல்லாம் பீய்ச்சினேன். ஸ்டியரிங் பட்டனுக்குள் ஈரம் இறங்கியிருக்கும் என்று என் வீட்டுக்காரியின் ஹேர் டிரையரை எடுத்துக்கொண்டு போய்ச் சூடு காட்டினேன். (அந்த ஹேர் டிரையர் இப்போது இல்லை. அதைப் பற்றிப் பேசவும் எனக்கு வீட்டில் அனுமதி இல்லை.)

ஒவ்வொரு சிகிச்சைக்குப் பிறகும் நோயாளியைக் கவனிக்க வேண்டும் அல்லவா? அதனால் கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு, தினமும் காலையில் லாத்தாவின் பக்கத்து சீட்டில் ஏறி, டூட்டி முடிந்து அவளோடேயே திரும்பினேன். தினமும் க்ரூஸ் விட்டது. சாயங்காலம் நானே தனியாக எடுத்துக்கொண்டு உச்சிப்புளி வரை ஓட்டியும் பார்த்தேன். அப்போதும் விட்டது. நோய் உறுதி என்று முடிவு கட்டினேன். லாத்தாவின் முட்டி மறுபடி வீங்க ஆரம்பித்தது. மதுரை சர்வீஸ் சென்டரில் கேட்டால், அடுத்த வாரம்தான் வண்டியை எடுக்க முடியும் என்றார்கள்.

"சாகுலு, வெள்ளிக்கிழம அவுக வாராக. அதுக்குள்ள உன்னால முடியுமா, முடியாதா? முடியாதுன்னா இப்பவே சொல்லு, நான் வேற வழி பாக்குறேன்."

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் முடியாது என்று சொல்லியிருப்பான்.

"நான் எதுக்கு இருக்கேன்," என்றேன் நான்.

வியாழக்கிழமை முழுக்க வீடியோவாகப் பார்த்தேன். ஏதோ ஒரு நாட்டுக்காரர், ஏதோ ஒரு மொழியில், பிரேக் மிதிக்கும் இடத்துக்கு மேலே இருக்கும் ஒரு சின்ன சுவிட்சைக் காட்டினார். பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரியவைக்கும் சுவிட்ச் அது. அதே சுவிட்ச்தான் க்ரூஸுக்கும் 'விடு' என்று சொல்கிறது என்பது அவர் கையாட்டியதிலிருந்து எனக்குப் புரிந்தது. அவர் அதைத் திருகினார். எந்தப் பக்கம், எவ்வளவு என்பதை அவர் வாயால்தான் சொன்னார். கடைசியில் சிரித்தார். அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை லாத்தாவுக்குக் காலை டூட்டி, மதியத்துக்கு மேல் அரை நாள் லீவு. முடித்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்தே நேராக மதுரை போவதாக ஏற்பாடு. அவள் வார்டுக்குள் போனதும், வளாகத்தில் வேப்பமரத்தடியில் நின்ற காரின் கதவைத் திறந்து, தலையைக் கீழேயும் காலை மேலேயும் வைத்து, சுவிட்சைப் பிடித்து ஒரு திருகு திருகினேன். நாளெல்லாம் இருட்டில் தேடிய ஒரு பொருள் கையில் அகப்பட்ட திருப்தி. கதவைப் பூட்டிவிட்டு, சட்டையைத் தட்டிக்கொண்டு கிளம்பினேன். வாட்ச்மேன் கூப்பிட்டார்.

"தம்பி, வண்டிக்குப் பின்னாடி செவப்பு லைட்டு எரியிதே."

"அது எரியணும்ணே," என்றேன்.

பாவம் அவர், என் முகத்தின் களையைப் பார்த்து நம்பிவிட்டார்.

தொழுகைக்குப் போய், பிரியாணி சாப்பிட்டு, மண்டபத்துக் கடைக்காரரிடம் உலக அரசியல் பேசிவிட்டுத் திரும்பி வந்தேன். லாத்தா டூட்டி உடுப்பை மாற்றி, நல்ல சேலை கட்டிக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றாள். மச்சானைப் பார்த்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கையில் பூகூட வைத்திருந்தாள். என்னிடமிருந்து சாவியை வாங்கிப் போட்டுத் திருகினாள். வண்டி 'க்ளிக்' என்றது. இன்னொரு தரம் திருகினாள். அதுவும் இல்லை. பின்னால் சிவப்பு விளக்கு, கடைசி மூச்சு விடுவதைப் போல லேசாக மினுங்கியது.

காலையிலிருந்து மதியம் வரை எரிந்து எரிந்து, அந்த விளக்கு பேட்டரியைச் சுத்தமாகக் குடித்துவிட்டிருந்தது.

ஆம்புலன்ஸ் டிரைவர் ஓடிவந்தார். நல்ல பையன். ஆம்புலன்ஸைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, கேபிள் எடுத்து, அதன் பேட்டரியிலிருந்து இதன் பேட்டரிக்கு மாட்டினார். பிரசவ வார்டு ஜன்னலிலிருந்து, வராந்தாவிலிருந்து, குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டெல்லாம் ஆட்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். "காருக்கு ரத்தம் ஏத்துறாகடி," என்று ஒரு அம்மா இன்னொரு அம்மாவுக்கு விளக்கினாள்.

"ஏண்ணே, லைட்ட அணைக்காம விட்டா பேட்டரி எறங்கிரும்னு தெரியாதா?" என்று அந்தப் பையன் என்னைக் கேட்டார். "நீங்க என்ன தொழில் பண்றீங்க?"

நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

"பேட்டரிக் கடை வச்சிருக்கான்," என்றாள் லாத்தா.

சிரிப்பு அடங்க நேரம் ஆனது. லாத்தா சிரிக்கவில்லை. அவள் என்னைத் திட்டுவாள், அழுவாள், பூவைத் தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்தேன். எதுவும் செய்யவில்லை. மரத்தில் சாய்ந்து நின்று, ஒரு நோயாளி வந்தால் எப்படிக் கேட்பாளோ அந்தக் குரலில் ஆரம்பித்தாள். அந்தக் குரலைக் கேட்டால் யாருக்கும் பொய் வராது.

"இந்தக் கோளாறு மொதமொதல்ல என்னைக்கி வந்துச்சு?"

"நான் உன்கூட வந்த அன்னைக்கி."

"அதுக்கு முன்னாடி?"

"எனக்கெப்பிடித் தெரியும்? நான்தான் வண்டியிலயே இல்லையே."

"எனக்குத் தெரியும். வரல. அப்பறம் என்னைக்கெல்லாம் வந்துச்சு?"

"தெனமும்."

"தெனமும் வண்டியில யாரு இருந்தா?"

"நீயும் நானும்."

"நீ தனியா ஓட்டினப்ப?"

"வந்துச்சு."

"நான் தனியா ஓட்டினப்ப?"

"நீ எங்க தனியா ஓட்டின? நான்தான் தெனமும் கூடவே..."

பாதியில் நிறுத்தினேன். நிறுத்தியிருக்க வேண்டியது ஒரு வாரத்துக்கு முன்னால்.

"வார்டுல அடுத்தடுத்து நாலு பிள்ளைக்கிக் காச்சல் வந்தா, நாங்க பிள்ளைய மட்டும் பாக்க மாட்டோம்," என்றாள் லாத்தா. "யாரு வந்து வந்து தொட்டுட்டுப் போறாகன்னு பாப்போம். ஏறு வண்டியில. ஓட்டுற மாதிரி உக்காரு."

உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

"அது என்ன?"

"எது?"

"எடது காலு."

குனிந்து பார்த்தேன். என் இடது கால், என்னைக் கேட்காமலேயே, கிளட்ச் மேல் போய் உட்கார்ந்திருந்தது. கடைத்தெருவில் ஆட்டோவுக்கும் மாட்டுக்கும் நடுவே பழகின கால். வண்டியில் ஏறினால் அதற்கு வேறு இடம் தெரியாது.

லாத்தா குனிந்து, கிளட்சை விரலால் லேசாகத் தொட்டு அசைத்தாள். "பிரேக்கத் தொட்டாலும் க்ரூஸு விட்டுரும், கிளட்ச்சத் தொட்டாலும் விட்டுரும். வண்டி குடுத்த அன்னைக்கே சொல்லித்தான குடுத்தாக."

"நான் சும்மாதான லாத்தா வச்சிருக்கேன். அமுக்கலையே."

"நீ சும்மா வச்சிருக்கேன்னு அதுக்குத் தெரியுமா? ரோட்டுல ஒரு மேடு பள்ளம் வந்தா உன் காலு கனத்துக்கே அது எறங்கிரும்."

"அப்ப நீ ஓட்டும்போது எப்பிடி விட்டுச்சு? உனக்குத்தான் அந்தப் பழக்கமே இல்லையே."

லாத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆடு வருது, மாடு வருது, கால வையி, கால வையின்னு தொணதொணத்தியே. உன் வாய அடைக்கிறதுக்கு ஒரு தரம் தூக்கி வச்சேன். அது அங்கனயே தங்கிருச்சு. இப்பல்லாம் நீ பக்கத்துல வந்து உக்காந்தாலே என் காலு தானா அங்கன போகுது. கோளாறு வண்டியில இல்லடா தம்பி. பக்கத்து சீட்டுல இருந்துருக்கு."

ஆம்புலன்ஸ் டிரைவர் தலையைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. அதைவிட, சத்தியமாகச் சொல்கிறேன், பிரமிப்பாக இருந்தது. நான் ஒரு வாரம் தண்ணீர் அடித்து, எண்ணெய் அடித்து, ஹேர் டிரையரைக் கொன்று கண்டுபிடிக்காததை, இவள் சேலை கசங்காமல் மரத்தடியில் நின்று கேட்டே கண்டுபிடித்துவிட்டாள். இவளையா மச்சான் வீட்டில் உட்காரச் சொல்கிறார் என்று எனக்கு அப்போது கோபமே வந்தது.

அதற்குமேல் லாத்தா ஒரு நிமிடத்தை வீணாக்கவில்லை. காலையில் நான் சுவிட்சைத் திருகியதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, என்னை மறுபடியும் தலைகீழாக உள்ளே அனுப்பினாள். அவள் காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"எந்தப் பக்கம் திருகினயோ அதுக்கு எதுத்த பக்கம் திருகு. மெதுவா. எரியிது... எரியிது... எரியிது... அணைஞ்சிருச்சு. கையெடு. இப்ப பிரேக்க மிதி. எரியிது. விடு. அணைஞ்சிருச்சு. இன்னொரு தரம் மிதி. சரி, வெளிய வா. இனிமே அந்தப் பக்கம் கை போச்சுன்னா கைக்குக் கட்டுப் போட்டுத்தான் அனுப்புவேன்."

வண்டி கிளம்பியது. என்னைப் பின்சீட்டில் ஏறச் சொன்னாள். வாயைத் திறக்கக்கூடாது என்பது உத்தரவு. உச்சிப்புளி தாண்டி ரோடு நேரானதும் பட்டனை அமுக்கினாள். இடது காலைத் தரையில் பதித்து வைத்திருந்தாள். ஆடுகள் வந்தன. நான் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டேன். க்ரூஸ் விடவில்லை. இராமநாதபுரம் போனது, பரமக்குடி போனது. ஊருக்குள் மட்டும் தன் காலால் ஓட்டினாள், வெளியே வந்ததும் பட்டன். மதுரை வரை க்ரூஸ் ஒரு தரம்கூட அதுவாக விடவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

மச்சான் ஏர்போர்ட்டிலிருந்து வெளியே வந்தார். லாத்தா பூவைக் கொடுத்தாள். இரண்டு பேருக்கும் கண் நிறைந்து, இரண்டு பேரும் அதைப் பெட்டியைத் தள்ளுகிற சாக்கில் மறைத்தார்கள். அப்புறம் மச்சான் பரீட்சை அதிகாரியாக மாறி முன்சீட்டில் ஏறி, பெல்ட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

மானாமதுரைப் பக்கம் ஒரு பள்ளிவாசலில், பொழுது சாய்ந்ததும் மஃரிப் தொழுதுவிட்டுக் கிளம்பினோம். மச்சான் பரீட்சையை விடவில்லை. ரோட்டைப் பார்த்தார், லாத்தாவின் முட்டியைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். திடீரென்று வலது கையைத் தூக்கினார்.

"ஜரினா, அங்கன மாடு நிக்கிது. கிளட்ச்ல கால..."

அவர் கொண்டுவந்த பேரீச்சம்பழப் பெட்டி என் மடியில் திறந்திருந்தது. ஒரு பழத்தை எடுத்து, பின்னாலிருந்து எட்டி, திறந்திருந்த அவர் வாய்க்குள் வைத்துவிட்டேன்.

"சாப்பிடுங்க மச்சான். நல்ல பழம்."

அவர் திகைத்துப்போய் மெல்ல ஆரம்பித்தார். அதே நேரம் அந்த மாடு, காத்திருந்த மாதிரி குறுக்கே இறங்கியது. லாத்தா பதறவில்லை. பிரேக்கைப் பதமாக மிதித்தாள், கியரைக் குறைத்தாள், மாட்டுக்கு வழி விட்டு நிறுத்தினாள். பின்னால் வந்தவனுக்கும் சைகை காட்டினாள். மாடு போனதும் எடுத்து, வேகம் பிடித்து, பட்டனை அமுக்கி, வலது காலை எடுத்து மடக்கி வைத்துக்கொண்டாள். ஒரு குலுக்கல் இல்லை. நான் இருபது வருஷமாக ஓட்டுகிறேன், அப்படி ஒரு நாளும் ஓட்டினதில்லை.

மச்சான் கொட்டையைத் துப்பிக் கையில் வைத்துக்கொண்டார். பரமக்குடி வரும்வரை அதை உருட்டிக்கொண்டே வந்தார். அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. என்ஜினில்தான் ஏதோ என்று பழக்க தோஷத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என்ஜின் இல்லை. மச்சானின் தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது. அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் கண்ணை மூடாத மனிதர், வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

லாத்தா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள். நானும் சிரித்தேன். பேச அனுமதி இல்லாததால் பேசவில்லை.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் மச்சான் விழித்துக்கொண்டார். லாத்தா சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவள் கையை விரித்துத் திரும்ப வைத்தார்.

"நாளைக்கி டூட்டி எத்தன மணிக்கி?"

"ஏழு."

"அப்ப சீக்கிரம் சாப்பிட்டுட்டுப் படு."

அன்றிலிருந்து அந்தக் காரின் பின்சீட்டில், தொற்று நோயாளிக்கு ஒதுக்குவதைப் போல எனக்கு ஒதுக்கிய இடத்துக்குத் 'தனி வார்டு' என்று பெயர். யார் வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டாலும், டிவி தெரியாவிட்டாலும், "சாகுல் பக்கத்துல இருக்கானா பாரு" என்பதுதான் முதல் கேள்வி. மச்சான் துபாயிலிருந்து போன் செய்தால், நலம் விசாரிப்பதற்கு முன்னால், "ஏறலையே?" என்று ஒரே வார்த்தையில் கேட்பார். (லாத்தாவின் முன்சீட்டில் என்று அர்த்தம்.) இதெல்லாம் குடும்பத்துக்குள் என்று விட்டுவிடலாம்.

ஆனால் போன மாதம் தங்கச்சிமடத்தில் ஒரு மீனவர் வீட்டுக்கு இன்வெர்ட்டர் மாட்டப் போயிருந்தேன். அந்த வீட்டுப் பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு நின்று என்னையே உற்றுப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க ஜரினாக்கா தம்பியா? அந்தக் கிளட்ச்சுல கால வச்ச அண்ணன்?"

பிறகுதான் விஷயம் தெரிந்தது. பிரசவ வார்டில் புருஷன்மாரும் மாமியார்மாரும் பக்கத்தில் நின்று, மூச்சைப் பிடி, காலை மடக்கு, இப்படித் திரும்பு என்று தொணதொணத்தால், லாத்தா என் கதையைச் சொல்லித்தான் அவர்களை வெளியே அனுப்புகிறாளாம். பாம்பனிலிருந்து இந்தப் பக்கம் பிள்ளை பெற்ற பெண்கள் அத்தனை பேருக்கும் என்னைத் தெரியும்.

"எங்க வீட்டுக்காரு ஒரே இம்சைண்ணே," என்றாள் அவள். "அக்கா உங்க கதையச் சொன்னாக. எனக்கு அந்த வலியிலயும் சிரிப்பு வந்துருச்சு. இவரு வெக்கப்பட்டு வெளிய போனாரு. இவரு போகவும் இவ பொறந்துட்டா."

குழந்தையை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். அது என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. அதன் அப்பா உள்ளேயிருந்து வந்து, வயரை எங்கே இழுக்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்டார்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்கண்ணே," என்றேன். "நான் கொஞ்ச நேரம் வெளிய நிக்கிறேன்."